முதுமையில் மூளைத்திறன் குன்றாமல் காக்க: எதிலிருந்து தொடங்குவது?

அறுபதைக் கடந்தவர்கள் தங்களுக்காகவோ, பிள்ளைகள் தங்கள் பெற்றோருக்காகவோ மூளையைக் காக்கும் வழியைத் தேடத் தொடங்கும்போது, முதலில் வீட்டுக்கு வருவது பெரும்பாலும் பாதாம் பருப்பும் வல்லாரை மாத்திரையும்தான்; அடுத்ததாகச் செய்தித்தாளின் சுடோகுக் கட்டம் நினைவுக்கு வரும். இவற்றால் பெரிய தீங்கு ஒன்றுமில்லை என்றாலும், வரிசையின் கடைசியில் நிற்க வேண்டியவை முதலிடத்தில் வந்து நின்றுவிடுகின்றன. முதலில் கவனிக்க வேண்டியவை இரத்த அழுத்தம், சர்க்கரை, காது, கண், ஏற்கெனவே விழுங்கிவரும் மாத்திரைகள் ஆகியவை. அதன் பிறகே நடை, உணவு, புதிதாகக் கற்றல், மனிதரோடு பழகுதல் ஆகியவை வரும். இந்த வரிசையில் எதை எப்போது, எப்படித் தொடங்குவது என்பதைப் புதிதாக இதில் இறங்குவோருக்காக இங்கே எழுதுகிறேன்.

இத்தகைய முயற்சியைப் பெரிய அளவில், முறையாகச் செய்து பார்த்த நாடு பின்லாந்து. மியா கிவிபெல்தோ தலைமையிலான குழு, 60 முதல் 77 வயது வரை உள்ள, மறதிநோய் (டிமென்ஷியா) வருவதற்கான வாய்ப்பு சற்றுக் கூடுதலாக இருந்த 1,260 பேரை இரண்டு பிரிவுகளாக்கியது. ஒரு பிரிவினருக்கு வழக்கமான உடல்நல அறிவுரை மட்டும் வழங்கப்பட்டது. மற்றொரு பிரிவினருக்கு உணவு மாற்றம், உடற்பயிற்சி, மனப்பயிற்சி, இதய இரத்தக்குழாய் நலக் கண்காணிப்பு ஆகிய நான்கும் ஒருசேர இரண்டு ஆண்டுகள் அளிக்கப்பட்டன. ஃபிங்கர் என்று சுருக்கமாக அழைக்கப்படும் அந்த ஆய்வின் முடிவு 2015இல் லான்செட் மருத்துவ இதழில் வெளிவந்தது. இரு பிரிவினரின் தேர்வு மதிப்பெண்களும் உயர்ந்திருந்தன. நான்கையும் சேர்த்துச் செய்தவர்களிடம் அந்த உயர்வு 25 விழுக்காடு கூடுதலாக இருந்தது. அங்கே அளக்கப்பட்டது சிந்தனைத் திறன் தேர்வுகளின் மதிப்பெண் என்பதை நினைவில் கொள்ள வேண்டும். இதைச் செய்தால் மறதிநோய் வரவே வராது என்று அந்த ஆய்வு சொல்லவில்லை; அப்படிச் சொல்லி எதையாவது விற்பவரை நம்ப வேண்டியதும் இல்லை.

மறதிநோயை ஆராய அதே லான்செட் இதழ் அமைத்த நிபுணர் குழுவான லான்செட் ஆணையம் 2024இல் வெளியிட்ட அறிக்கை, நோய்க்கான மாற்றக்கூடிய ஆபத்துக் காரணிகள் பதினான்கைப் பட்டியலிடுகிறது: குறைந்த கல்வி, கேட்கும் திறன் இழப்பு, மிகுந்த எல்டிஎல் என்னும் கெட்ட கொழுப்பு, மனச்சோர்வு, தலைக்காயம், உடலுழைப்பின்மை, நீரிழிவு, புகைபிடித்தல், உயர் இரத்த அழுத்தம், உடற்பருமன், மிகுந்த மது, தனிமை, காற்று மாசு, சரிசெய்யப்படாத பார்வைக் குறைவு. இவை அனைத்தையும் ஒழிக்க முடிந்தால், உலகில் மறதிநோயின் ஏறத்தாழ 45 விழுக்காட்டைத் தடுக்கவோ தள்ளிப்போடவோ இயலும் என்பது அதன் கணக்கு. இது மக்கள்தொகைக்கான கணக்கே தவிர, உங்கள் தாயாருக்கான தனிக் கணக்கு அன்று. வயதும் மரபணுவும் நம் கையில் இல்லாததால், எல்லாவற்றையும் ஒழுங்காகக் கடைப்பிடித்த ஒருவருக்கும் நோய் வரலாம். அப்போது அவரையோ, பராமரித்த பிள்ளைகளையோ குறை கூறுவது அநியாயம். இந்தியாவில் 60 வயதைக் கடந்தவர்களில் 7.4 விழுக்காட்டினர், அதாவது சுமார் 88 இலட்சம் பேர், மறதிநோயோடு வாழ்வதாக 2023இல் வெளியான தேசிய அளவிலான ஆய்வு ஒன்று கணக்கிட்டது.

தொடங்குவதற்கு முன் ஓர் எச்சரிக்கை. தெரிந்தவர் பெயர் உடனே வராமல் சற்று நேரம் கழித்து நினைவுக்கு வருவதும், மூக்குக்கண்ணாடியை வைத்த இடம் தெரியாமல் தேடுவதும் வயதின் இயல்பு. பால்காரருக்குப் பணம் கொடுத்துவிட்டு, கொடுத்ததே நினைவின்றி மறுபடியும் கொடுப்பது, பல்லாண்டுகள் சமைத்த குழம்பின் செய்முறை குழம்பிப்போவது, பழகிய தெருவில் வழி தவறுவது போன்றவை வேறு வகை. அவை தென்பட்டால், இந்தப் படிகளைத் தொடங்கிப் பார்த்துக்கொண்டு காத்திருக்காமல், கட்டுரையின் இறுதிப் பகுதியில் சொல்லியுள்ளபடி மருத்துவரை அணுகுங்கள்.

முதல் படி: ஒரு நோட்டுப் புத்தகமும் இரத்த அழுத்தமும்

ஒரு சாதாரண நோட்டுப் புத்தகம் வாங்கி, முதல் பக்கத்தில் இன்றைய நிலையைக் குறித்து வையுங்கள்: எடை, இடுப்புச் சுற்றளவு, இருக்கும் நோய்கள், உட்கொள்ளும் மாத்திரைகள், வாரத்தில் எத்தனை நாள் நடக்கிறார், எத்தனை நாள் வீட்டாரல்லாத ஒருவரோடு பேசுகிறார். ஆறு மாதம் கழித்து ஒப்பிட்டுப் பார்க்க இந்தப் பக்கமே உதவும்.

அடுத்தது இரத்த அழுத்தம். பதினான்கு காரணிகளில் நம் கைக்கு எளிதில் எட்டுவது எது என்று கேட்டால், நான் இதைத்தான் சொல்வேன். உயர் அழுத்தம் மூளையின் மிக நுண்ணிய இரத்தக்குழாய்களை ஆண்டுக்கணக்கில் ஓசையின்றிச் சிதைக்கிறது. தலைசுற்றலோ தலைவலியோ இருந்தால்தான் அழுத்தம் இருக்கிறது என்று எண்ணுவது தவறு. மணிக்கட்டில் கட்டும் கருவியைவிட மேற்கையில் கட்டும் தானியங்கிக் கருவி நம்பகமானது. அளப்பதற்கு முந்தைய அரைமணி நேரத்தில் காபி, தேநீர், புகை கூடாது. சிறுநீர் கழித்துவிட்டு, நாற்காலியில் முதுகு சாய்ந்து, இரு பாதங்களும் தரையில் படும்படி ஐந்து நிமிடம் பேசாமல் உட்கார வேண்டும். கை, மார்பின் உயரத்தில் மேசைமேல் இருக்கட்டும். ஒரு நிமிட இடைவெளியில் இரண்டு முறை அளந்து இரண்டையும் எழுதுங்கள். காலையும் மாலையும் இப்படி ஏழு நாள் அளந்து, முதல் நாள் அளவுகளை விட்டுவிட்டு மற்றவற்றின் சராசரியைக் காணுங்கள். வீட்டில் அளந்த சராசரி 135க்கு 85 அல்லது அதற்கு மேல் இருந்தால், நோட்டுப் புத்தகத்தோடு மருத்துவரிடம் செல்லுங்கள்.

எவ்வளவு குறைக்க வேண்டும் என்பது ஆளுக்கு ஆள் மாறும். அமெரிக்காவில் 9,361 பேரைக் கொண்டு நடந்த ஸ்பிரின்ட் ஆய்வின் 2019ஆம் ஆண்டு முடிவில், மேல் அழுத்தத்தை 120க்குக் கீழே கொண்டுவர முயன்ற பிரிவினரிடம், 140க்குக் கீழே என்ற இலக்கு வைத்தவர்களைவிட லேசான அறிவாற்றல் குறைபாடு (வயதின் இயல்பான மறதிக்கும் மறதிநோய்க்கும் இடைப்பட்ட நிலை) 19 விழுக்காடு குறைவாகத் தோன்றியது. மறதிநோய் குறைந்தது என்று உறுதியாகக் கூறும் அளவுக்கு விவரம் கிடைக்கவில்லை. அந்த ஆய்வில் நீரிழிவு உள்ளவர்களும் முன்பு பக்கவாதம் வந்தவர்களும் சேர்க்கப்படவில்லை என்பதால், 120 என்ற எண்ணை எல்லா முதியவர்க்கும் பொருத்திவிட முடியாது. தளர்ந்த உடல்வாகு உள்ளவரின் அழுத்தத்தை அளவுக்கு மீறிக் குறைத்தால், எழுந்து நிற்கையில் கண் இருண்டு விழுந்துவிடுவார். எனவே உட்கார்ந்து அளந்த பின், எழுந்து நின்று ஒரு நிமிடத்திலும் மூன்றாம் நிமிடத்திலும் ஒருமுறை அளந்து பாருங்கள்; மேல் அளவு 20 அல்லது அதற்கும் மேல் இறங்கினால் மருத்துவருக்குத் தெரிவிக்க வேண்டும். அழுத்தம் சரியான அளவுக்கு வந்தது மாத்திரையால்தான் என்பதை மறந்து, 'இப்போது நார்மல்' என்று மாத்திரையை நிறுத்திவிடுவது நம் வீடுகளில் மிகப் பரவலான தவறு. தமிழ்நாட்டில் 2021இல் தொடங்கப்பட்ட மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தின் வழியாக இரத்த அழுத்தத்துக்கும் நீரிழிவுக்கும் உரிய மாத்திரைகள் வீட்டுக்கே வருகின்றன. அருகிலுள்ள ஆரம்ப சுகாதார நிலையத்தில் பெயரைப் பதிவு செய்துகொள்ளலாம்.

சர்க்கரை விஷயத்தில் ஒரு நுட்பம் உண்டு. உயர்ந்த சர்க்கரை மூளைக்குக் கேடு என்பது பலருக்குத் தெரியும். இன்சுலினோ சில வகை மாத்திரைகளோ எடுக்கும் முதியவருக்குச் சர்க்கரை திடீரென்று தாழ்வதும் அதே அளவு கேடு என்பது அவ்வளவாகத் தெரியாது. விரதம் இருக்கும் நாளில் மாத்திரையை என்ன செய்வது என்று முன்கூட்டியே கேட்டு வையுங்கள்.

இரண்டாம் படி: இரத்தப் பரிசோதனையும் மாத்திரைப் பையும்

மருத்துவரிடம் செல்லும் அந்த முதல் முறையிலேயே எச்பிஏ1சி (மூன்று மாதச் சராசரிச் சர்க்கரை), கொழுப்பு அளவு, தைராய்டு, வைட்டமின் பி12 ஆகியவற்றைப் பார்த்துவிடுவது நல்லது. தைராய்டு சுரப்பு குறைந்தாலும், பி12 குறைந்தாலும் மந்தமும் மறதியும் தோன்றும். உரிய காலத்தில் கண்டுபிடித்தால் இவை சரிசெய்யக்கூடியவை. பி12 இயற்கையாகக் கிடைப்பது விலங்குவழி உணவிலிருந்தே என்பதால், சைவ உணவுக்காரர்களிடம் இக்குறை மிகுதி. பால், தயிர் சேர்த்துக்கொண்டாலும், வயது ஏற ஏற அதை உறிஞ்சும் ஆற்றல் குறைகிறது. நீரிழிவுக்காகப் பல ஆண்டுகள் மெட்ஃபார்மின் எடுப்போருக்கும், நெஞ்செரிச்சலுக்கென்று காலை வெறும் வயிற்றில் போடும் மாத்திரையை ஆண்டுக்கணக்கில் தொடர்வோருக்கும் இந்த வாய்ப்பு இன்னும் கூடும்.

பிறகு, வீட்டிலுள்ள எல்லா மருந்துகளையும் ஒரே பையில் போட்டு எடுத்துச் செல்லுங்கள். தலைமாட்டில் இருக்கும் தைலம், கடையில் தாமாக வாங்கிய சளி மாத்திரை, நாட்டு மருந்துச் சூரணம் உட்பட எதையும் விடாமல் எடுத்துச் செல்ல வேண்டும். முதியவரின் குழப்பத்துக்கும் மறதிக்கும் மருந்துகளே காரணமாக இருப்பது அரிதன்று. குளோர்பெனிரமின் போன்ற பழைய வகை ஒவ்வாமை மாத்திரைகள், மனச்சோர்வுக்கும் நரம்பு வலிக்கும் தரப்படும் அமிட்ரிப்டிலின், சிறுநீரை அடக்க முடியாதவருக்குத் தரப்படும் ஆக்சிபியூட்டினின், அல்பிரசோலம் போன்ற தூக்க மாத்திரைகள் ஆகியவை இவ்வகையில் கவனிக்க வேண்டியவை. மருத்துவரிடம் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றே: 'இவற்றில் எது இனித் தேவையில்லை?' தூக்க மாத்திரையை நீங்களாகவே திடீரென்று நிறுத்திவிடக் கூடாது. நீண்ட நாள் எடுத்தவருக்கு அப்படி நிறுத்துவது நடுக்கத்தையும் வலிப்பையும்கூடக் கொண்டுவரலாம். படிப்படியாகக் குறைக்கும் அட்டவணையை மருத்துவரே தர வேண்டும்.

மூன்றாம் படி: காதும் கண்ணும்

தொலைக்காட்சியின் ஒலியை உயர்த்திக்கொண்டே போவதும், கூட்டத்தில் பேசுவது புரியாமல் சிரித்துச் சமாளிப்பதும், 'என்ன, என்ன' என்று கேட்பதும் காது தளர்வதன் அறிகுறிகள். காது சரியாகக் கேட்காதவர் மெல்லப் பேச்சைக் குறைத்துக்கொள்கிறார். பேச்சு குறையக் குறைய மனிதர்களிடமிருந்து விலகுகிறார். வரும் ஒலியைப் பிரித்தறியவே மூளையின் உழைப்பு செலவாகிவிடுவதால் நினைவில் பதிவதும் குறைகிறது. 'வயசானா அப்படித்தான்' என்று நாம் அதை விட்டுவிடுகிறோம்.

முதலில் காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் காட்டுங்கள். அழுக்கு அடைத்திருப்பதே காரணமாக இருந்தால், சில நிமிடங்களில் தீரும் வேலை அது. இல்லையென்றால் ஒலி அளவுப் பரிசோதனையும், தேவைப்பட்டால் செவித்துணைக் கருவியும். 70 முதல் 84 வயது வரையுள்ள 977 பேரை வைத்து அமெரிக்காவில் நடந்து, 2023இல் வெளியான அச்சீவ் ஆய்வில், மூன்றாண்டு முடிவில் அனைவரையும் சேர்த்துப் பார்த்தபோது சிந்தனைத் திறன் நலிவில் கருவியால் வேறுபாடு தெரியவில்லை. ஆனால் வயதும் இதயநோய்க் காரணிகளும் மிகுந்து, நலிவு வேகமாக இருந்த பிரிவினரிடம் மட்டும் அந்த நலிவு 48 விழுக்காடு குறைந்தது. நம் முதியவர்களில் அழுத்தமும் சர்க்கரையும் உள்ளவர்கள் எத்தனை பேர் என்பதை எண்ணிப் பார்த்தால், இந்தப் பிரிவுதான் நமக்கு முக்கியமானது என்பது என் கருத்து. கருவியின் விலை மலைக்க வைப்பது உண்மை. அதைவிடப் பெரிய இழப்பு, வாங்கிய கருவி அலமாரியில் தூங்குவது. முதல் வாரத்தில் அமைதியான அறையில், ஒருவரோடு மட்டும் பேசும்போது ஓரிரு மணி நேரம் அணியச் செய்யுங்கள். நேரத்தை வாரந்தோறும் கூட்டுங்கள். இரைச்சலாக இருக்கிறது என்றால் கருவியைக் கழற்றி வைக்காமல், பொருத்தியவரிடமே சென்று ஒலி அளவைத் திருத்தி வர வேண்டும். இரண்டு மூன்று முறை போய்வருவது இயல்பே.

கண்ணைப் பொறுத்தவரை, ஆண்டுக்கு ஒரு பரிசோதனை போதும். கண்புரை இருந்தால் தள்ளிப்போடாமல் அறுவை செய்துகொள்வது நன்று. அரசு மருத்துவமனைகளில் இது இலவசமாகவே செய்யப்படுகிறது.

நான்காம் படி: உடலை அசைத்தல்

வாரத்துக்கு 150 முதல் 300 நிமிடம் வரை மிதமான உடலுழைப்பு, இரண்டு நாள் தசை வலுப் பயிற்சி, 65 வயதைக் கடந்தவர்க்கு மூன்று நாள் சமநிலைப் பயிற்சி என்பது உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை. கேட்டவுடன் மலைப்பாகத் தோன்றும் இந்த எண்ணை முதல் நாளே எட்ட முயல வேண்டாம். நெஞ்சுவலி, மூச்சு வாங்குதல், அண்மையில் அறுவை, கடுமையான மூட்டுவலி உள்ளவர்கள் மருத்துவரின் ஒப்புதல் பெற்ற பிறகே தொடங்க வேண்டும்.

முதல் இரண்டு வாரங்கள் நாளுக்குப் பத்து நிமிட நடை போதும். பிறகு வாரத்துக்கு ஐந்து நிமிடமாகக் கூட்டி, அரைமணி நேரத்தை எட்டலாம். வேகத்தை அறிய எளிய வழி உண்டு: நடக்கும்போது பேச முடிய வேண்டும், பாட முடியக் கூடாது. வெயில் ஏறுமுன் முடித்துவிடுங்கள். தெரு மேடுபள்ளமாக இருந்தால் மாடியிலோ, கோயில் பிரகாரத்திலோ, வீட்டுக்குள்ளேயோ நடந்தால் போதும். 'வீட்டு வேலையே நாள் முழுக்கச் செய்கிறேன், எனக்கு எதற்கு நடை?' என்று கேட்கும் அம்மாக்களுக்குச் சொல்ல வேண்டியது: வேலையெல்லாம் அடுப்படிக்குள் நின்றபடியே நடப்பதால் கால் ஓய்கிறதே தவிர, இதயத் துடிப்பு உயர்வதில்லை.

நடையோடு நிறுத்திக்கொள்பவர்களே அதிகம். தசையும் சமநிலையும் விடுபட்டுப்போகின்றன. கைப்பிடி இல்லாத, அசையாத நாற்காலி ஒன்றைச் சுவரோரம் போட்டு, கைகளை மார்பின்மேல் கட்டிக்கொண்டு எழுந்து உட்காரச் சொல்லுங்கள். முடியாதவர் முதலில் கையூன்றி எழலாம். எட்டுப் பத்து முறை எழுந்து, சற்று ஓய்ந்து, மறுபடியும் ஒரு சுற்று. சுவரில் கையூன்றித் தள்ளுதல், தண்ணீர் நிறைத்த அரை லிட்டர் பாட்டில்களைத் தூக்கி இறக்குதல் ஆகியவற்றைச் சேர்த்துக்கொள்ளலாம். சமநிலைக்கு, சமையலறை மேடையைத் தொட்டும் தொடாமலும் நின்றுகொண்டு ஒரு பாதத்துக்கு முன்னால் மறு பாதத்தை ஒட்டி வைத்துப் பத்து விநாடி நிற்பது நல்ல தொடக்கம்; அருகில் ஒருவர் இருக்கட்டும்.

சமநிலையை இவ்வளவு வலியுறுத்துவதற்குக் காரணம், தலைக்காயமும் அந்தப் பதினான்கில் ஒன்று என்பதே. குளியலறையில் கைப்பிடி, வழுக்காத மிதியடி, இரவு எழுந்து போகும் வழியில் சிறு விளக்கு ஆகியவை சில நூறு ரூபாய்ச் செலவில் முடியும். மகனின் இருசக்கர வண்டியில் பின்னால் ஒருபக்கமாக அமர்ந்து, தலைக்கவசம் இன்றிச் சந்தைக்கும் கோயிலுக்கும் போய்வரும் தாய்மார்களை ஒவ்வொரு தெருவிலும் காண்கிறோம். பாதாம் வாங்கும் காசில் அவர்களுக்கு ஒரு தலைக்கவசம் வாங்கித் தரலாம்.

ஐந்தாம் படி: தட்டில் மாற்றம்

உணவைப் பற்றிய ஆரவாரம் மிகுதி. சான்று அதைவிடக் குறைவு. மூளைக்கென்றே வகுக்கப்பட்ட மைண்ட் உணவுமுறையை 604 பேரிடம் மூன்றாண்டுகள் சோதித்து 2023இல் வெளியிட்டபோது, உணவின் அளவைச் சற்றுக் குறைத்த ஒப்பீட்டுப் பிரிவினரைவிட அது குறிப்பிடத்தக்க நன்மை தரவில்லை என்றே தெரியவந்தது. ஆகவே எந்தத் தனிப் பொருளையும் மூளை உணவு என்று தூக்கிப் பிடிக்காமல், அழுத்தமும் சர்க்கரையும் கொழுப்பும் கட்டுக்குள் இருக்கும்படி தட்டைத் திருத்துவதே விவேகம்.

நம் தட்டில் சோற்றின் இடத்தைக் குறைத்து, காய்க்கும் கீரைக்கும் பருப்புக்கும் கொடுப்பதுதான் முதன்மையான மாற்றம். மாலையில் முறுக்கு, பிஸ்கட்டுக்குப் பதில் சுண்டல். மீன் உண்பவர்கள் வாரம் இருமுறை மத்தி, கானாங்கெளுத்தி போன்றவற்றைப் பொரிக்காமல் குழம்பாகச் செய்துகொள்ளலாம். உப்பு நாளுக்கு 5 கிராமுக்குள், அதாவது ஒரு தேக்கரண்டிக்குள், இருக்க வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். ஊறுகாய், அப்பளம், மோர் மிளகாய், கருவாடு, வத்தல் ஆகியவற்றை நாள்தோறும் தட்டில் வைத்துக்கொண்டு இந்த அளவுக்குள் நிற்க முடியாது. வாரத்துக்கு ஒருநாள் என்று வைத்துக்கொண்டால் மனத்தாங்கலும் வராது. பொட்டாசியம் சேர்த்த உப்பைச் சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களும் சில வகை அழுத்த மாத்திரை எடுப்பவர்களும் கேட்காமல் பயன்படுத்தக் கூடாது. பல் இல்லாததால் இரசஞ்சோறும் கஞ்சியுமாகவே நாளைக் கழிக்கும் முதியவருக்கு, உணவுப் பட்டியலைவிடப் பல்செட்டே முதல் தேவை. புகையை விடுவது எந்த வயதிலும் பயனளிக்கும். விறகடுப்புப் புகையும் அதே கணக்கில் சேரும்.

மாத்திரைகளைப் பற்றியும் இங்கேயே சொல்லிவிடலாம். அறிவாற்றல் நலிவைத் தடுக்கவென்று வைட்டமின் பி, வைட்டமின் ஈ, மீன் எண்ணெய்வகைக் கொழுப்பு ஆகியவற்றைப் பரிந்துரைக்க வேண்டாம் என்று உலக சுகாதார நிறுவனத்தின் 2019ஆம் ஆண்டு வழிகாட்டல் கூறுகிறது. பி12 குறைபாடு உள்ளவருக்கு அதைத் தருவது வேறு விஷயம். நினைவாற்றலுக்கென்று விற்கப்படும் ஜிங்கோ பைலோபா என்னும் மரத்தின் இலைச்சாற்றை 3,069 முதியவர்களிடம் பல ஆண்டுகள் சோதித்த அமெரிக்க ஆய்வு, அது மறதிநோயைத் தடுக்கவில்லை என்று 2008இல் அறிவித்தது. வல்லாரையைத் துவையலாக அரைத்துச் சாப்பிடத் தடையில்லை. கீரையாக அது நல்ல கீரைதான்.

ஆறாம் படி: புதிதாகக் கற்றலும் மனிதரோடு இருத்தலும்

இரண்டையும் ஒரே படியாக வைப்பதற்குக் காரணம், தனித்தனியே செய்தால் இரண்டுமே நீடிப்பதில்லை என்பதுதான். மனப்பயிற்சியைப் பற்றி 2,832 முதியவர்களிடம் நடந்த ஆக்டிவ் ஆய்வைப் பத்தாண்டு கழித்துப் பார்த்தபோது, தர்க்கப் பயிற்சியும் விரைவுப் பயிற்சியும் பெற்றவர்களிடம் அந்தந்தத் திறன் மட்டும் நீடித்திருந்தது. நினைவுப் பயிற்சியின் பயன் அவ்வாறு நீடிக்கவில்லை. சுடோகு போட்டால் சுடோகுவில் தேர்ச்சி வரும் என்பதே இதன் பொருள். ஆகவே வாழ்க்கையில் நேரடியாகப் பயன்படும், சற்றுக் கடினமான, இதுவரை செய்யாத ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். வரவு செலவைத் தாமே எழுதுதல், கைப்பேசியில் வீடியோ அழைப்பைத் தாமே செய்யக் கற்றல், தெரியாத சிக்குக் கோலங்களை வரைந்து பழகுதல், பேரக்குழந்தைக்குப் பல்லாங்குழியும் ஆடுபுலி ஆட்டமும் கற்பித்தல், புதிய பாடல்களை மனப்பாடம் செய்து குழுவோடு பாடுதல் எனப் பல உண்டு. பள்ளி செல்லாதவர்கள் தங்களுக்கு இதெல்லாம் ஆகாது என்று எண்ண வேண்டியதில்லை. ஐதராபாத்தில் சுவர்ணா அல்லாடி குழுவினர் மறதிநோயாளிகள் 648 பேரை ஆராய்ந்து 2013இல் வெளியிட்ட கட்டுரையில், இரண்டு அல்லது அதற்கு மேற்பட்ட மொழி பேசியவர்களுக்கு நோய் சுமார் நாலரை ஆண்டு தாமதமாகத் தோன்றியிருந்தது. எழுதப் படிக்கத் தெரியாதவர்களிடமும் இந்த வேறுபாடு காணப்பட்டது. இது உற்றுநோக்கி அறிந்த தொடர்பு மட்டுமே என்றாலும், பள்ளிப்படிப்புக்கு வெளியேயும் மூளைக்கு உழைப்பு உண்டு என்பதைக் காட்டுகிறது.

தனிமையைப் போக்க 'யாரிடமாவது பேசுங்கள்' என்று பொதுவாகச் சொல்வதால் பயனில்லை. கிழமையும் நேரமும் குறிக்கப்பட்ட சந்திப்பே நிலைக்கும்: செவ்வாய் மாலை பஜனை, வியாழன் காலை நூலகம், ஞாயிறு பத்து மணிக்கு வெளியூர் மகளின் அழைப்பு என்பது போல. துணையை இழந்தவர், ஊரை விட்டு நகரத்து அடுக்குமாடிக்கு அழைத்து வரப்பட்டவர் ஆகியோரைத் தனியாகக் கவனியுங்கள். பசியின்மை, அதிகாலையில் விழிப்பு, எதிலும் நாட்டமின்மை ஆகியவை இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்தால், அது மனச்சோர்வாக இருக்கலாம், மருத்துவத்தால் தீரக்கூடியது. பேச ஆளில்லாத முதியவர்களும் உதவி தேவைப்படுவோரும் 14567 என்ற தேசிய முதியோர் உதவி எண்ணைக் கட்டணமின்றி அழைக்கலாம்.

தூக்கத்தைப் பற்றிச் சுருக்கமாக: பகல் தூக்கத்தை அரைமணிக்குள் நிறுத்துங்கள், உரத்த குறட்டையோடு இடையிடையே மூச்சு நிற்பது போலத் தோன்றினால் மருத்துவரிடம் சொல்லுங்கள்.

நாட்காட்டியில் அமைத்தல்

மேற்சொன்ன அனைத்தையும் ஒரே வாரத்தில் தொடங்கினால், அடுத்த வாரத்திலேயே எல்லாம் நின்றுவிடும். முதல் மாதம் முழுவதையும் அழுத்தம், இரத்தப் பரிசோதனை, மாத்திரைப் பை, காது, கண் ஆகியவற்றுக்கே ஒதுக்குங்கள். கூடவே பத்து நிமிட நடை மட்டும். இரண்டாம் மாதம் நாற்காலிப் பயிற்சியும் உப்புக் குறைப்பும். மூன்றாம் மாதம் புதிதாகக் கற்பதும் வாராந்தரச் சந்திப்பும்.

அமெரிக்காவில் 60 முதல் 79 வயது வரையுள்ள 2,111 பேரிடம் இரண்டாண்டு நடந்து, 2025இல் வெளியான பாயின்டர் ஆய்வு இங்கே துணைக்கு வருகிறது. ஒரு பிரிவினர் இரண்டாண்டுகளில் 38 முறை குழுவாகக் கூடி, உணவு, உடற்பயிற்சி, மனப்பயிற்சி ஆகியவற்றில் வகுத்துக் கொடுத்த திட்டத்தைப் பின்பற்றினர். மற்றொரு பிரிவினர் ஆறு முறை மட்டும் கூடி, தங்கள் விருப்பப்படி செய்துகொண்டனர். இரு பிரிவினரின் சிந்தனைத் திறன் தேர்வு மதிப்பெண்ணும் உயர்ந்தது. திட்டத்தோடும் கூட்டத்தோடும் செய்தவர்களிடம் சற்றுக் கூடுதலாக உயர்ந்தது. எதுவுமே செய்யாத மூன்றாம் பிரிவு அந்த ஆய்வில் இல்லாததால், மொத்த உயர்வில் எவ்வளவு பயிற்சியின் பயன், எவ்வளவு தேர்வைத் திரும்பத் திரும்ப எழுதியதன் பயன் என்று பிரிக்க இயலாது. ஆயினும் வீட்டில் கடைப்பிடிக்கத்தக்க பாடம் ஒன்று உண்டு: கூட ஓர் ஆள் வேண்டும். பக்கத்து வீட்டு நண்பரோ, தங்கையோ, மருமகளோ உடன் நடக்கவும், நோட்டுப் புத்தகத்தில் வாரம் ஒருமுறை சேர்ந்து எழுதவும் முன்வந்தால், 'அப்பா, நடந்தீங்களா?' என்று தொலைபேசியில் கேட்கும் மகனைவிட அவர் அதிகம் சாதிப்பார்.

எப்போது மருத்துவரிடம் செல்வது?

ஒரே கேள்வியைச் சிறிது நேரத்துக்குள் பலமுறை கேட்பது, பணக்கணக்கில் வழக்கத்துக்கு மாறான தவறுகள், பழகிய வழி தெரியாமல் போவது, பேச்சின் நடுவே எளிய சொற்கள் கிடைக்காமல் திணறுவது, குணத்தில் விளக்க முடியாத மாற்றம் ஆகியவை சில மாதங்களாகத் தொடர்ந்தால், நரம்பியல் மருத்துவரையோ முதியோர் நல மருத்துவரையோ மனநல மருத்துவரையோ அணுக வேண்டும். உடன் வசிப்பவர் ஒருவர் கட்டாயம் கூடச் செல்ல வேண்டும்; மறதி உள்ளவருக்குத் தம் மறதி தெரியாமல் இருக்கலாம். முதியவரின் எதிரிலேயே குறைகளை அடுக்காமல், நடந்த நிகழ்ச்சிகளைத் தேதியோடு நோட்டுப் புத்தகத்தில் எழுதி மருத்துவரிடம் கொடுப்பது அவருடைய மானத்தையும் காக்கும், மருத்துவருக்கும் தெளிவைத் தரும்.

மாதக்கணக்கில் வருவது வேறு, மணிக்கணக்கில் வருவது வேறு. நேற்று வரை நன்றாக இருந்தவர் இன்று திடீரென்று குழம்பிப் பேசினாலோ, பகலெல்லாம் அரைமயக்கமாக இருந்தாலோ, அதை மறதிநோய் என்று எண்ணிக் காத்திருக்கக் கூடாது. சிறுநீர்த்தொற்று, நிமோனியா, உடலில் சோடியம் குறைதல், சர்க்கரை தாழ்தல், புதிய மாத்திரை, சில வாரங்களுக்கு முன் விழுந்ததில் தலைக்குள் கசிந்த இரத்தம் என எதுவும் காரணமாக இருக்கலாம். முகம் கோணுதல், ஒரு பக்கம் கை தளர்தல், பேச்சுக் குழறல் இருந்தால் அது பக்கவாதம். அப்போது 108க்கு அழைத்து உடனே மருத்துவமனைக்குக் கொண்டு செல்லுங்கள். மாத்திரைப் பையையும் நோட்டுப் புத்தகத்தையும் கையோடு எடுத்துச் செல்லுங்கள்.